உமிச் சிலிக்காவில் தனித்தைத்தேனியம்: முதல் இரண்டு தொகுதியும் ஏன் சரிவரவில்லை

நெல் உமியிலிருந்து எடுத்த சிலிக்காவில் தைத்தேனிய அணுக்களைத் தனித்தனியாக ஒட்டி, எப்பொட்சைட்டு தயாரிக்கும் ஊக்கியொன்றைச் செய்யும் முயற்சி இது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பொடி வெள்ளை. சிறுகோண எக்ஸ் கதிர்ப் படத்தில் 2.3 பாகையில் கூரான உச்சி, அதன் பின்னால் 4.0 பாகையிலும் 4.6 பாகையிலும் இரண்டு சின்ன உச்சிகள். துளைகள் தேன்கூடு போல அறுகோணமாக அடுக்கியிருக்கின்றன என்பதற்கு அது போதும். பெருங்கோணத்தில், தைத்தேனியம் ஈரொட்சைட்டின் பளிங்கு வடிவமான அனட்டேசுக்குரிய 25.3 பாகை உச்சி இல்லை. அகச்சிவப்பு நிறமாலையில் அலை எண் 960 இல் பட்டை இருந்தது. தைத்தேனியத்தின் அளவும் திட்டமிட்ட 1 சதவீதத்துக்குக் கிட்டத்தான் வந்தது.

வினைக்குடுவையில் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. சைக்கிளோஎக்சீனையும் அதற்கு ஒட்சிசன் கொடுக்க வேண்டிய தெர்-பியூற்றைல் ஐதரோபரொட்சைட்டையும் (இனி ரி.பி.எச்.பி.) 60 பாகை செல்சியசில் கலக்கியபோது எப்பொட்சைட்டு (இரண்டு காபனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்த முக்கோண வளையமுள்ள சேர்வை) சொற்பமாகவே கிடைத்தது. விளைவில் பெரும்பங்கு சைக்கிளோஎக்சினோலும் சைக்கிளோஎக்சினோனும். இரட்டைப் பிணைப்பில் ஒட்சிசனை ஏற்ற வேண்டிய ஊக்கி, பக்கத்துக் காபனைக் கடித்துக்கொண்டிருந்தது.

இடம் மட்டக்களப்பு–அம்பாறைப் பக்கத்துச் சிறிய ஆய்வுகூடம். மூலப்பொருள் சம்மாந்துறைப் பக்கத்து ஆலை உமி. மூன்று தொகுதிகள் தயாரிக்கப்பட்டன. முதலாவதில் இரண்டு குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இரண்டாவதில் ஒன்று மட்டும் களையப்பட்டது. மூன்றாவதுதான் உருப்படியானது. இரண்டு குறையையும் ஒரே தடவையில் திருத்தியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் எந்தக் குறை எந்தக் கேட்டைச் செய்தது என்பது கடைசிவரை தெரிந்திருக்காது.

தனித்து நிற்பது

சிலிக்காவுக்குள் தைத்தேனியம் இருக்கிறது என்பது வேறு, அது தனித்தனியாக நிற்கிறது என்பது வேறு. தேவை இரண்டாவது. ஒவ்வொரு தைத்தேனிய அணுவும் மூன்று ஒட்சிசன் பாலங்களால் சிலிக்காச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நான்காவது கையில் ஓர் ஐதரொட்சில் கூட்டத்தை ஏந்தி நிற்க வேண்டும். அந்த நான்காவது இடத்தில்தான் பரொட்சைட்டு வந்து அமரும்; அங்கிருந்துதான் அற்கீன் (சைக்கிளோஎக்சீன் போன்ற இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறு) ஒட்சிசனைப் பறிக்கும். இரண்டு மூன்று தைத்தேனியம் ஒட்சிசன் பாலத்தால் தமக்குள் கைகோத்துவிட்டால் இணைப்பு எண் (ஓர் அணுவைச் சுற்றிப் பிணைந்த அணுக்களின் எண்ணிக்கை) ஆறை நெருங்கிவிடும். அனட்டேஸ் துணுக்கில் எல்லா அணுவும் அப்படித்தான். எப்பொட்சியேற்றத்துக்கு அது கிட்டத்தட்டப் பயனற்ற பாரம்.

இந்த வேதியியலுக்கு முன்னோடி இத்தாலியில் உருவாகி 1983 இல் காப்புரிமை பெற்ற ரி.எஸ்-1 என்ற செயோலைற்று, அதாவது நுண்துளைகள் கொண்ட பளிங்கு. அதன் துளை ஏறக்குறைய 0.55 நானோமீற்றர், பருத்த மூலக்கூறு உள்ளே போகாது. 1992 இல் மொபில் நிறுவனத்தார் வெளியிட்ட எம்.சி.எம்-41 என்ற தேன்கூட்டுச் சிலிக்காவில் துளை 2 முதல் 4 நானோமீற்றர் வரை விரியும். 1995 இல், இரண்டு காபன் வளையங்களுக்கு நடுவே தைத்தேனியம் அமர்ந்த தைத்தேனோசீன் இருகுளோரைட்டை அந்தத் துளைச் சுவரில் ஒட்டவைத்து, பின்னர் வளையங்களை எரித்து, தனித் தைத்தேனியத்தைப் பெறும் வழி வெளியானது. இங்கே உமியிலிருந்து கட்டியதும் எம்.சி.எம்-41 தான், கையாண்டதும் ஒட்டும் வழிதான். ஆனால் தைத்தேனோசீனுக்குப் பதில் விலை மலிந்த தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டு. தைத்தேனியத் தாது நமக்குத் தொலைவில் இல்லை, வடக்கே புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற்றாகக் கிடக்கிறது. ஐசோபுரொப்பொட்சைட்டுப் போத்தல் மட்டும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

உமியும் தட்டும்

அம்பாறை மாவட்டத்தில் வேளாண்மை வெட்டு முடிந்தால் உமிக்குப் பஞ்சமே இல்லை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட சிலிக்கா. நெல் அவிக்கும் கொதிகலனுக்கடியில் குவியும் சாம்பலை அப்படியே அள்ளிக்கொண்டு வரலாமே என்ற எண்ணம் யாருக்கும் வரும். வரவேண்டாம். அந்த அடுப்பில் வெப்பநிலை கட்டுப்பாடில்லாமல் ஏறும். சிலிக்காவின் ஒரு பகுதி கிறிஸ்டோபலைற்றுப் பளிங்காக மாறிவிடும். அது காரத்தில் லேசில் கரையாது, தூசியாகச் சுவாசித்தால் நுரையீரலுக்கும் கேடு. எக்ஸ் கதிர்ப் படத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிது: உருவமற்ற சிலிக்கா 22 பாகையைச் சுற்றி அகன்ற மேடாகத் தெரியும், கிறிஸ்டோபலைற்று அதே இடத்தில் ஊசியாகக் குத்தி நிற்கும்.

ஆகவே எரிக்காத உமி எடுக்கப்பட்டது. 100 கிராம் உமியைக் கழுவி மண்ணும் பதரும் நீக்கி, 1 லீற்றர் 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 90 பாகையில் 2 மணித்தியாலம் கிளறி, காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும். கழுவிய நீரில் வெள்ளிநைத்திரேற்றுத் துளி விட்டு, கலக்கம் நிற்கும் வரை கழுவல் தொடரும். இந்த அமிலக் கழுவலைத் தவிர்த்தால் உமியிலுள்ள பொற்றாசியம் சூட்டில் சிலிக்காவின் மேற்பரப்பை உருக்கும். எரியாத காபன் அதற்குள் சிறைப்பட்டுக் கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். பிறகு எத்தனை மணித்தியாலம் எரித்தாலும் அந்தக் கறுப்புப் போகாது. கழுவிய உமியை 110 பாகையில் உலர்த்தி, 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத படையாகப் பரப்பி, 600 பாகையில் 6 மணித்தியாலம் எரித்தால் ஏறக்குறைய 15 கிராம் வெண்சாம்பல் மிஞ்சும்.

முதல் தொகுதியில் இவ்வளவும் செய்யப்பட்டது. பிழை, பரப்பிய தட்டில் இருந்தது. பீங்கான் கிண்ணம் சின்னது, ஒரு தடவைக்கு 20 கிராம் உமிதான் பிடிக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க மெல்லுருக்குத் தகட்டில் ஒரு தட்டு மடித்துக் கொண்டார்கள். 600 பாகையில் உருக்கு செதிலாக உரியும். அந்தச் செதிலின் தூள் சாம்பலோடு கலந்தது. சாம்பலை வெள்ளைத்தாளில் கொட்டிப் பார்த்தால் மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்திருக்கும். கண்ணாடிப் போத்தலுக்குள் இருந்தபோது அது கண்ணில் படவில்லை.

அமிலத்தால் உமியின் சொந்த இரும்பை வெளியேற்றிவிட்டு, தட்டின் இரும்பைத் திரும்பக் கொடுத்த கதை. சோதனை மிகச் சுலபம்: அரைக் கிராம் சாம்பலை 5 மில்லிலீற்றர் சூடான ஐதரோகுளோரிக் அமிலத்தில் குலுக்கி, வடித்த தெளிவில் பொற்றாசியம் தயோசயனேற்றுத் துளிகள் விட்டால் சிவக்கும். முதல் தொகுதிச் சாம்பல் இரத்தச் சிவப்பானது. பீங்கானில் எரித்த இரண்டாம் தொகுதியில் நிறம் வெற்றுச் சோதனையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், முதலிலேயே செய்யாததால் ஒரு மாத வேலை வீணானது.

துளைகளைக் கட்டுதல்

6.0 கிராம் சாம்பல், அதாவது 0.1 மூல் சிலிக்கா, 100 மில்லிலீற்றர் 1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில் 90 பாகையில் கரைக்கப்பட்டது. இதைக் கண்ணாடிக் குடுவையில் செய்யக்கூடாது. சூடான காரம் கண்ணாடியைத் தின்னும். போரனும் அலுமினியமும் கரைசலுக்குள் வந்துவிடும். அலுமினியம் சிலிக்காச் சுவரில் அமர்ந்தால் அமிலத்தன்மை உண்டாகும், அந்த அமிலம் பின்னால் எப்பொட்சைட்டு வளையத்தை உடைத்து இரண்டு ஐதரொட்சில் கூட்டமுள்ள டையோலாக்கிவிடும். பொலிபுரொப்பிலீன் போத்தல் மூடியைச் சற்றுத் தளர்த்தி நீர்த்தொட்டிக்குள் வைத்தால் போதும். கரையாத எச்சத்தை நுண்துளை வடிதாளால் சூட்டோடு வடிக்க வேண்டும். ஆறவிட்டால் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

சிலிக்கா தன்னைச் சுற்றிப் படிந்து துளைகள் உருவாக வார்ப்பச்சாகச் செயற்படுவது சீட்டைல் மும்மெதைல் அமோனியம் புரோமைட்டு, 7.3 கிராம், 80 மில்லிலீற்றர் நீரில். நமது காலநிலையில் இது மேசையிலேயே கரையும். குளிரூட்டி ஓடும் அறையில் 22 பாகைக்கு இறங்கினால் மட்டும் வெள்ளை ஊசிகளாகப் பளிங்காகிவிடும், ஏனென்றால் அதற்குரிய கிராஃப்ற் வெப்பநிலை (அதற்குக் கீழே நன்றாகக் கரையாத எல்லை) 25 பாகையைச் சுற்றியே இருக்கிறது. கரைசல் தெளிவாயிருந்து திடீரெனக் கலங்கினால் குளிரூட்டியை நிறுத்திவிட்டு 40 பாகைக்குச் சூடாக்கினால் சரி.

சோடியம் சிலிக்கேற்றை இதற்குள் மெதுவாக ஊற்றி, ஐதான அசற்றிக் அமிலத்தால் பி.எச். பெறுமானத்தை 10.5 க்குக் கொண்டுவந்து, மூடிய பொலிபுரொப்பிலீன் போத்தலில் 100 பாகையில் 24 மணித்தியாலம் வைக்க வேண்டும். ஆறியபின் பி.எச். ஏறியிருக்கும், சிலிக்கா ஒடுங்கும்போது காரம் விடுபடுவதால். மீண்டும் 10 ஐ ஒட்டித் திருத்தி இன்னும் 24 மணித்தியாலம் வைத்தால் எக்ஸ் கதிர் உச்சிகள் கூர்மையாகும். முதல் தொகுதியில் இந்த இரண்டாம் திருத்தம் உட்பட யாவும் சரியாகவே நடந்தன.

சோடியத்தைப் பற்றி ஒரு சொல். எம்.சி.எம்-41 இல் மிஞ்சும் சோடியம் எரிக்கும்போது சுவரை இளக்கி ஒழுங்கைச் சிதைக்கும். பிறகு தைத்தேனியத்தின் ஐதரொட்சிலில் ஐதரசனின் இடத்தைப் பிடித்து, பரொட்சைட்டு உட்கார வேண்டிய கதிரையை அடைத்துக்கொள்ளும். நீரால் கழுவுவது மட்டும் போதாது. எதனோலில் ஐதாக்கிய ஐதரோகுளோரிக் அமிலத்தால் 60 பாகையில் ஒரு மணித்தியாலம் கழுவினால் சோடியமும் வார்ப்பச்சின் பெரும்பகுதியும் ஒன்றாக வெளியேறும். மண் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சுவாலை ஒளிமானியே சோடியத்தை அளக்கப் போதும். கழுவிய நீரைக் கானில் ஊற்றக்கூடாது. அந்த புரோமைட்டு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, கான் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது.

மிச்ச வார்ப்பச்சை 550 பாகையில் 5 மணித்தியாலம், நிமிடத்துக்கு 1 பாகை ஏற்றத்தில், மெல்லிய படையாகப் பரப்பி எரிக்க வேண்டும். தடிப்பாகக் குவித்தால் உள்ளே எழும் நீராவி சுவரைத் தாக்கும். இடையில் மின்சாரம் போய்வந்தால் சில உலைகளின் கட்டுப்படுத்தி படிப்படியான ஏற்றத்தை மறந்து முழு வேகத்தில் சூடாக்கத் தொடங்கும். ஆள் பக்கத்தில் இல்லாதபோது உலையைத் தானாக மீளத் தொடங்கவிடாமல் வைப்பதே நல்லது.

15 மில்லிகிராம் நீர்

இரண்டாம் தொகுதியில் இரும்பு இல்லை. சைக்கிளோஎக்சினோனும் சைக்கிளோஎக்சினோலும் அநேகமாக மறைந்தன. ஆனால் எப்பொட்சைட்டும் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்குதான். புறஊதா நிறமாலையில் 270 நானோமீற்றரில் ஒரு புடைப்பு, அதன் வால் 330 வரை இழுபட்டது. தைத்தேனியம் கூட்டமாகத் திரண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் திரள வேண்டும்? இடநெருக்கடி காரணமல்ல என்பதைக் கணக்கே சொல்கிறது. இத்தகைய சிலிக்காவின் மேற்பரப்பைக் கிராமுக்கு 1000 சதுர மீற்றர் என்று வைப்போம். 1 சதவீதத் தைத்தேனியம் என்பது கிராமுக்கு 0.21 மில்லிமூல். பங்கிட்டுப் பார்த்தால் ஒரு தைத்தேனியத்துக்கு 8 சதுர நானோமீற்றர் வருகிறது. அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ள ஏறக்குறைய 20 சிலனோல் கூட்டங்கள் (சிலிக்கனில் ஒட்டிய ஐதரொட்சில்கள்) உண்டு. ஆளுக்கு ஒரு வளவு, வளவுக்குள் இருபது வாசல். நெருக்கடி எங்கே?

காரணம் நீர். 2 கிராம் எம்.சி.எம்-41 க்கு 1 சதவீதம் வேண்டுமென்றால் ஐசோபுரொப்பொட்சைட்டு 119 மில்லிகிராம், அதாவது 124 மைக்கிரோலீற்றர், 0.42 மில்லிமூல். ஒரு மூலக்கூறு ஐசோபுரொப்பொட்சைட்டை முழுதாகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டாக்க இரண்டு மூலக்கூறு நீர் போதும். ஆகவே 0.84 மில்லிமூல் நீர், வெறும் 15 மில்லிகிராம், முழுத் தைத்தேனியத்தையும் சுவரைத் தொடுமுன்பே கெடுத்துவிடும்.

அந்த 15 மில்லிகிராம் எங்கிருந்து வரும் என்று தேட வேண்டியதில்லை, எங்கிருந்து வராது என்றுதான் கேட்க வேண்டும். 30 பாகையில், ஈரப்பதன் 80 சதவீதமாயிருக்கும் நாளில், நமது காற்றின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறக்குறைய 24 மில்லிகிராம் நீராவி இருக்கிறது. 250 மில்லிலீற்றர் குடுவையைக் காற்றோடு மூடினால் உள்ளே 6 மில்லிகிராம். போத்தலிலிருந்து நேராக ஊற்றிய, ஈரம் நிரம்பிய தொலுயீன் 60 மில்லிலீற்றரில் 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் கரைந்திருக்கும். எம்.சி.எம்-41 இல் 1 சதவீத ஈரம் மிஞ்சினாலும் 2 கிராமுக்கு 20 மில்லிகிராம். மூன்றில் எந்த ஒன்றும் தனித்தே கொல்லக்கூடியது, அல்லது பாதி கொல்லக்கூடியது. இரண்டாம் தொகுதியில் சிலிக்காவை 120 பாகை அடுப்பில் ஓர் இரவு உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவிட்டு, திறந்த மேசையில் நிறுத்து, குடுவைக்குள் போட்டிருந்தார்கள். நிறுக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான். ஆனால் இத்தகைய பொடி தராசுத் தட்டிலேயே எடை ஏறிக்கொண்டிருக்கும். இலக்கம் நிலையாக நிற்காமல் கடைசித் தானத்தில் மேலே மேலே ஓடுவதைக் கண்டால் அது தராசின் குற்றம் அல்ல, பொடி காற்றிலிருந்து நீரைக் குடிக்கிறது.

திருத்திய முறை இப்படி. எம்.சி.எம்-41 ஐ ஒட்டும் குடுவைக்குள்ளேயே போட்டு, அந்தக் குடுவையிலேயே வெற்றிடத்தில் 200 பாகையில் 6 மணித்தியாலம் உலர்த்தி, அதன்பின் மூடியைத் திறக்காமல் உலர் நைதரசனை நிரப்ப வேண்டும். எடையை, குடுவையோடு சேர்த்து நிறுத்து, வெற்றுக் குடுவை எடையைக் கழித்துப் பெறலாம். தொலுயீனுக்கு 3 ஆங்ஸ்ட்ரொம் மூலக்கூற்று அரிதட்டு: அரிதட்டை 300 பாகையில் ஓர் இரவு உலர்த்தி, 100 மில்லிலீற்றருக்கு 20 கிராம் வீதம் போட்டு இரண்டு நாள் நிற்கவிட வேண்டும். சோடியம் போட்டுக் காய்ச்சி வடிக்கும் பழைய வழக்கத்தைவிட இது ஆபத்தில் குறைந்தது, ஈரத்தை மில்லியனில் சில பங்குக்கு இறக்கும். போத்தலை ஒருமுறை திறந்து ஊற்றினால் அந்த இரண்டு நாளும் வீண். ஊசியாலும் இறப்பர் அடைப்பானாலும் மட்டுமே எடுக்க வேண்டும்.

124 மைக்கிரோலீற்றர் ஐசோபுரொப்பொட்சைட்டை நேரே சொட்டக்கூடாது. 10 மில்லிலீற்றர் உலர் தொலுயீனில் கரைத்து, கலக்கிக்கொண்டிருக்கும் குழம்புக்குள் அரை மணித்தியாலத்தில் சிறுகச் சிறுக விட வேண்டும். நேரே விட்டால் துளி விழுந்த இடத்தின் துணுக்குகள் எல்லாத் தைத்தேனியத்தையும் பிடித்துக்கொள்ளும், மற்றவை வெறுமையாக நிற்கும். ஐசோபுரொப்பொட்சைட்டுக்குப் பதிலாக எதொட்சைட்டு வாங்குவதும் கூடாது. எதொட்சைட்டு கரைசலிலேயே மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரொப்பைல் கூட்டத்தின் பருமனால் ஐசோபுரொப்பொட்சைட்டு பெரும்பாலும் தனிமூலக்கூறாக நிற்கும். தனித்தைத்தேனியம் வேண்டுபவர் ஏற்கெனவே கூட்டமாயிருப்பதை எதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டும்?

12 மணித்தியாலம் கலக்கி, நைதரசனின் கீழ் வடித்து, 20 மில்லிலீற்றர் உலர் தொலுயீனால் மூன்று முறை கழுவுதல். அற்ககோலால் கழுவினால் ஒட்டியதில் ஒரு பகுதி கழன்று வரும். உலர்த்தி, முதல் 200 பாகை வரை உலர் காற்று ஓடவிட்டு, 500 பாகையில் 4 மணித்தியாலம் எரித்தால் வேலை முடிந்தது.

ஒப்பீட்டுக்காக 2 கிராமுக்கு 104 மில்லிகிராம் தைத்தேனோசீன் இருகுளோரைட்டையும் ஒட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பளிங்கு, காற்றில் எடுத்து நிறுக்கலாம். இரண்டு வளையமும் தைத்தேனியங்களைக் கிட்ட வரவிடாமல் தள்ளி நிறுத்தும். ஈரப்பதன் கட்டுப்பாட்டுக்கு வசதியில்லாத இடத்தில் விலை கூடினாலும் இதுவே புத்தியான தெரிவு. நைதரசன் குழாய்வரிசை இருக்கும் இடத்தில் ஐசோபுரொப்பொட்சைட்டே போதும்.

எந்தச் சாட்சி எதைச் சொல்கிறது

தொடக்கத்தில் சொன்ன சாட்சிகளுக்குத் திரும்புவோம். 960 பட்டையைக் காட்டித் தைத்தேனியம் சுவரில் கோத்துவிட்டது என்று எழுதுவது பரவலான பழக்கம். தைத்தேனியமே இல்லாத வெறும் எம்.சி.எம்-41 இலும் சிலனோல் கூட்டங்களால் அதே இடத்தில் பட்டை வரும். ஆகவே வெறும் சிலிக்காவின் படத்தோடு ஒப்பிடாத 960 க்கு மதிப்பில்லை. எக்ஸ் கதிரில் அனட்டேஸ் தெரியவில்லை என்பதும் நிரூபணமல்ல. 1 சதவீத அளவில், இரண்டு நானோமீற்றர் துணுக்குகளின் உச்சி அகன்று, சிலிக்காவின் மேட்டுக்குள் புதைந்துவிடும். இராமன் நிறமாலைக் கருவி கிடைத்தால் அலை எண் 144 இல் வரும் அனட்டேசின் பலத்த உச்சியைத் தேடுவது இதைவிடக் கூர்மையான சோதனை.

கையிலிருந்த கருவிகளில் பரவல் தெறிப்புப் புறஊதா நிறமாலைதான் உண்மைக்குக் கிட்டப் பேசியது. 210 முதல் 230 நானோமீற்றர் வரை தனித்த நான்முகித் தைத்தேனியம். 250 முதல் 290 வரை இணைப்பு எண் கூடியது. 310 க்கு மேல் அனட்டேஸ் போன்ற திரள். ஆனால் இதிலும் பொறிகள் உண்டு. சிலிக்காவில் தனித்து அமர்ந்த இரும்பும் 220 முதல் 280 வரை உறிஞ்சும். முதல் தொகுதியின் 250 நானோமீற்றர்ப் பட்டையைத் தைத்தேனியத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். தைத்தேனியம் சேர்க்காத அதே சிலிக்காவை அளந்தபோது அந்தப் பட்டையின் நல்ல பங்கு அங்கேயும் நின்றது. பொடியைப் பேரியம் சல்பேற்றில் பத்து மடங்கு ஐதாக்காமல் அளந்தால் உச்சி தட்டையாகி, அகன்று, இல்லாத இனங்களைக் காட்டும்.

மொத்தத் தைத்தேனியத்தை அளக்க ஐதரோபுளோரிக் அமிலம் தேவையில்லை. 50 மில்லிகிராம் ஊக்கியைச் செறிந்த சல்பூரிக் அமிலத்திலும் அமோனியம் சல்பேற்றிலும் சூடாக்கினால் தைத்தேனியம் கரைசலுக்கு வரும், சிலிக்கா வெள்ளையாகப் பின்தங்கும். ஆறவிட்டு, நீரில் ஐதாக்கி வடித்து, ஐதரசன் பரொட்சைட்டு விட்டால் மஞ்சள் நிறம். 410 நானோமீற்றரில் அளந்து, தாமே தயாரித்த நியமக் கோட்டோடு ஒப்பிடலாம்.

வினைக்குடுவையின் தீர்ப்பு

50 மில்லிகிராம் ஊக்கி, 1.0 மில்லிலீற்றர் சைக்கிளோஎக்சீன் (10 மில்லிமூல்), டெக்கேனில் 5.5 மோலாராகக் கிடைக்கும் ரி.பி.எச்.பி. 0.9 மில்லிலீற்றர் (5 மில்லிமூல்), 8 மில்லிலீற்றர் தொலுயீன், 60 பாகை. உள்நியமமாக (மற்றவற்றின் அளவை ஒப்பிட, தெரிந்த அளவில் சேர்க்கும் பொருளாக) குளோரோபென்சீன். டெக்கேனை உள்நியமமாக்கக்கூடாது, அது ஏற்கெனவே ரி.பி.எச்.பி. போத்தலுக்குள் இருக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனாலும் நடக்கும் பிழை. சைக்கிளோஎக்சீன் போத்தல் பழையதாயின் தானே பரொட்சைட்டாகியிருக்கும். அயடைட்டுத் தாளில் சோதித்து, அலுமினாக் கம்பத்தினூடாக வடித்தே பாவிக்க வேண்டும்.

ரி.பி.எச்.பி. எவ்வளவு செலவானது என்பதை அயடீன் நியமிப்பு சொல்லும்: 0.2 மில்லிலீற்றர் மாதிரியை அசற்றிக் அமிலத்திலும் பொற்றாசியம் அயடைட்டிலும் விட்டு, 0.02 மோலார் தயோசல்பேற்றால் நியமித்தால் தொடக்கத்தில் 10 மில்லிலீற்றருக்குக் கிட்ட வரும். கலவையைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பதிவுக் கருவி எப்பொட்சைட்டைச் சொல்லும். இரண்டும் பொருந்தினால் தைத்தேனியம் வேலை செய்கிறது. ரி.பி.எச்.பி. மளமளவென்று இறங்க, எப்பொட்சைட்டு ஏறாவிட்டால் வேறெதுவோ அதைத் தின்கிறது. முதல் தொகுதியின் வெறும் சிலிக்காவைத் தைத்தேனியமின்றியே குடுவையில் போட்டபோதும் ரி.பி.எச்.பி. இறங்கியது, சைக்கிளோஎக்சினோன் வந்தது. சுயாதீன மூலிகங்களை வாரும் பி.எச்.ரி. சிறிது சேர்த்ததும் இரண்டும் நின்றன. இரும்பு ரி.பி.எச்.பி.யை மூலிகங்களாக உடைக்கிறது என்ற குற்றச்சாட்டு அத்தோடு உறுதியானது.

வாயு நிறப்பதிவுக் கருவியும் ஒரு பொய் சொல்லும். மூலிக வழியில் உண்டாகும் ஐதரோபரொட்சைட்டு சூடான உட்செலுத்தியில் உடைந்து சைக்கிளோஎக்சினோலாகவும் சைக்கிளோஎக்சினோனாகவும் தெரியும். ஒரே மாதிரியை அப்படியே ஒரு தடவையும், ஐதரோபரொட்சைட்டை அற்ககோலாக்கும் மும்பீனைல் பொசுபீன் சேர்த்து ஒரு தடவையும் செலுத்தினால் வித்தியாசத்திலிருந்து ஐதரோபரொட்சைட்டின் பங்கு தெரியும்.

தைத்தேனியம் கரைசலுக்குள் கழன்று அங்கிருந்து வேலை செய்கிறதா என்பதற்குச் சூட்டு வடிப்பு: 30 ஆவது நிமிடத்தில், 60 பாகை அடுப்பில் சூடாக்கிய 0.2 மைக்கிரோமீற்றர் வடியினூடாக அரைவாசியை வேறு குடுவைக்கு மாற்றி, அதைத் தொடர்ந்து அளக்க வேண்டும். ஆறவிட்டு வடித்தால் கழன்ற தைத்தேனியம் சிலிக்காவில் திரும்ப ஒட்டி, குற்றவாளி தப்பிவிடும். மூன்றாம் தொகுதியின் வடிதிரவத்தில் வினை அந்த இடத்திலேயே நின்றது. வேறொரு குடுவையில் ரி.பி.எச்.பி.க்குப் பதில் நீரில் கரைந்த ஐதரசன் பரொட்சைட்டைப் பாவித்தபோது வடிதிரவத்திலும் வினை தொடர்ந்தது. ஒட்டிய தைத்தேனியத்துக்கு நீர், ஒட்டும்போது மட்டுமல்ல, ஒட்டியபின்பும் எதிரிதான்.

மூன்றாம் தொகுதி

பீங்கானில் எரித்த சாம்பல், வெற்றிடத்தில் உலர்த்திய சிலிக்கா, அரிதட்டில் நின்ற தொலுயீன். நிறமாலையில் 215 ஐ ஒட்டி ஒரு பட்டை, 300 க்கு அப்பால் வெறுமை. செலவான ரி.பி.எச்.பி.யும் உண்டான எப்பொட்சைட்டும் ஏறக்குறைய பொருந்தின. தைத்தேனோசீன் வழி ஒப்பீட்டு மாதிரிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய வேகம். இரண்டு மூன்று தடவை திரும்பப் பாவித்ததும் வேகம் சற்றுக் குறைந்தது. துளைகளில் தங்கிய டையோலும் பாரப்பொருள்களும் காரணம், 500 பாகையில் மீண்டும் எரித்ததும் பெரும்பகுதி மீண்டது.

ஒரு தடவை மட்டும் பதற்றம் வந்தது. பெரும்போக மழை நாளொன்றில் மூன்றாம் தொகுதியின் சிறுகுப்பியொன்று மூடி சரியாக இறுகாமல் மேசையில் கிடந்தது. மறுநாள் அளந்தபோது 215 பட்டை 240 தாண்டி அகன்று, இரண்டாம் தொகுதியின் சாயலுக்கு வந்திருந்தது. அதே பொடியை 200 பாகையில் 2 மணித்தியாலம் உலர்த்தி, மூடிய குவார்ட்சுக் கலத்தில் அளந்தார்கள். பட்டை 215 க்குத் திரும்பியது. தைத்தேனியம் திரளவில்லை, பக்கத்தில் நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டியதால் இணைப்பு எண் தற்காலிகமாகக் கூடியிருந்தது. இரண்டாம் தொகுதிக்கும் இதே உலர்த்தல் கொடுக்கப்பட்டது. அதன் புடைப்பு 270 இலேயே, வால் 330 வரை, அப்படியே நின்றது.